டப்பா வைத்த கூண்டு

பொழுது விடியும் முன்பே தகடு வெட்டும் ஆறு பிரஸ்களும் இடிக்கத் தொடங்கிவிட்டன. தகட்டை வை, பெடலை மிதி, எடு, மறுபடி வை. எண்ணெய் நாற்றம் தொண்டைவரை ஏறியிருந்தது. மூன்றாவது பிரஸில் மட்டும் புது ஆள். நேற்று காலை பத்தரைக்கு அங்கே மின்னலக்காவின் மூன்று விரல்கள் போய்விட்டன. கைவேகத்துக்காக நாங்கள் வைத்த பெயர் அது.

நான் ஃபிட்டர். எனக்கு அழுகைகூட வரவில்லை. மனசு மரத்துப்போய், கை தன்பாட்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தது.

வாங்கும்போது ஒவ்வொரு பிரஸுக்கும் முன்னால் கம்பிக்கூண்டு இருந்தது. அதை மூடாமல் மிதித்தால் இயந்திரம் இறங்காது. செய்தவன் யோசித்துத்தான் செய்திருந்தான். திறந்து மூட நேரமாகிறது என்று முதலாளி சொன்னார், நான் கழற்றினேன். இரண்டு வருஷமாகக் கூண்டுகள் சுவரோரம் கிடக்கின்றன. அவற்றின் மேல்தான் எல்லாரும் சாப்பாட்டு டப்பா வைக்கிறோம். வசதியாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

முதலாளி ஒரு தாளோடு வந்தார்.

"கூண்டை அந்தம்மாவே கழட்டினதா எழுதியிருக்கேன். கையெழுத்து போடுப்பா. நாளைக்கு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு."

"அப்போ அவங்க நஷ்டஈடு?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். உன் வேலைய நெனச்சுப் பாரு."

"கழட்டினது நான் சார். கழட்டச் சொன்னது நீங்க."

"அப்படின்னா நீதான் உள்ள போவ."

"போறேன்." பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

முதல் பிரஸ் நின்றது. அதை ஓட்டும் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அவன் மேல மட்டும் ஏன் சார் பழி போடுறீங்க? ரெண்டு வருஷமா அது மேல டப்பா வெச்சோம். இது ஏன் இங்க கெடக்குன்னு ஒருத்தராவது கேட்டோமா? எங்க பேரையும் போடுங்க."

ஒவ்வொரு பிரஸாக நின்றது. கடைசியாகப் புது ஆளும் பெடலிலிருந்து காலை எடுத்தான். "பத்து விரலும் இருக்கும்போதே நானும் நிறுத்திக்கிறேன் சார்."

"இன்னிக்கு லோடு போகணும்! ஓட்டுறீங்களா இல்லியா?"

"கூண்டை மாட்டட்டும், ஓட்டுறோம்," என்றார் அக்கா.

முதலாளி யாருக்கோ போன் போட்டார். அவர் பதிலுக்குக் காத்திராமல் நாங்கள் டப்பாக்களை எடுத்துத் தரையில் வைத்தோம். மூன்றாவது பிரஸின் கூண்டு மேல் ஒரு டப்பா மட்டும் மிச்சம். தூக்கினேன், கனத்தது. மின்னலக்கா நேற்று சாப்பிடவே இல்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

முதல் பிரஸ் அக்கா டப்பாவை வாங்கிக்கொண்டார்.

"கழுவிட்டு, வேற சாப்பாடு போட்டு ஆஸ்பத்திரிக்கு நான் எடுத்துட்டுப் போறேன். நீ ஸ்பேனரை எடு தம்பி."

புது ஆள் கூண்டின் மறுமுனையைப் பிடித்தான்.