அப்பா கடைசியாகக் கேட்டது

அப்பாவுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை மூத்தவள் பீரோவில் குடைந்து தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் தோளிலேயே கிடக்கிறது என்று சித்தி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"நீ கொஞ்சம் படேன்மா. கண்ணெல்லாம் சொருகுது."

"படுத்தா மட்டும் தூக்கம் வந்துடப் போகுதா சித்தி."

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் இரவு ஷிஃப்ட் பார்த்தவள். அப்புறம் பதினோரு மாதம் அப்பாவின் கட்டிலடியில் பாய். அவர் இருமினால் எழுவாள், இருமாவிட்டால் பயந்து எழுவாள். அடுப்பில் வைத்தது மறந்தது, அடுத்த வீட்டுக்காரி பேரும் மறந்தது. "தூங்காத தலையில எதுவும் தங்காதும்மா" என்று டாக்டர் சொன்னார். நாற்பத்தேழு வயதில் ஓட்டைக் குடமாகிவிட்டோமே என்று அழுகையாக வரும். சற்று நேரத்தில் எதற்கு அழுதோம் என்பதும் மறந்துவிடும்.

தம்பிக்கு அந்தக் கவலையே கிடையாது. தலை சாய்ந்தால் போதும், இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான். காலையில் செய்தி கேட்டுக் கிளம்பியவன் ரயிலிலும் தூங்கித்தான் வந்திருந்தான், முகத்திலேயே தெரிந்தது. இப்போது கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவர் ஓட்டிய பஸ்ஸின் நம்பர், கொட்டும் மழையில் வைப்பர் நின்றுபோக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி ஓட்டிய நாள், ஒன்று விடவில்லை. கேட்டவர்கள் அழுதார்கள், நடுவில் சிரிக்கவும் செய்தார்கள். "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார் அப்பாவோடு வேலை பார்த்த கண்டக்டர்.

மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஊட்டியது, துடைத்தது, திருப்பிப் படுக்க வைத்தது எல்லாம் அவள். அப்பா முழுசாகப் போய்ச் சேர்ந்திருப்பதென்னவோ அவனிடம்.

"கடைசியா என்னம்மா சொன்னாரு?" என்று கண்டக்டர் அவளைக் கேட்டார்.

வாயைத் திறந்தாள். அவருடைய கை தன் கையில் இருந்தது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

தம்பிதான் சொன்னான். "'நீ ஏறிட்டியா? அப்ப வண்டிய எடுக்கறேன்'னாரு."

கண்டக்டர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவனிடம்தானே சொல்லியிருப்பார் என்று அவள் நினைத்தாள். பள்ளிக்கூடம் போன நாட்களில் தினமும் தூங்கி வழிந்து எழுந்து ஓடி வருகிறவனுக்காகத்தானே அப்பா ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தி வைப்பார். அவள் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருப்பாள். அவளை ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. மறக்க வேண்டியது மட்டும் மறக்கவில்லை.

தம்பியைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"உன்கிட்ட எப்ப பேசினாரு? எனக்குத் தெரியாம யாரு போன் போட்டுக் குடுத்தா?"

தம்பி அவளையே பார்த்தான்.

"அக்கா, அது உன்கிட்ட சொன்னதுக்கா. உன் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாருன்னு நீதான் சொன்ன. அஞ்சே காலுக்குப் போன் பண்ணி, அழுதுக்கிட்டே."

தான் போன் பண்ணியதே நினைவில்லை. இனி வயிறு எரியக் காரணமில்லை, ஆனாலும் எரிந்தது. தனக்குக் கிடைத்ததையும் இவன்தானே வைத்திருக்கிறான்.

"அதுக்கு நான் என்ன சொன்னேனாம்?"

"எதுக்கு?"

"ஏறிட்டியான்னு கேட்டாரே. ஏறிட்டேன்னு சொன்னேனா?"

"அத நீ சொல்லலக்கா. நானும் கேக்கல."

சித்தி எட்டிப் பார்த்து, எடுக்க நேரமாகிவிட்டது என்றாள். மூத்தவள் தம்பியின் சட்டைக் கையை விடவில்லை.

"நான் போன் பண்ணதுலேருந்து சொல்லு. ஒண்ணு விடாம."

சொன்னான். மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவை, அஞ்சே கால் என்று அவன் சொல்லும்போது அவள் உதடுகளும் கூடவே அசைந்தன.