பாடாங் மேஹா பூட்டும் லோகேஸ்வரனின் தாவல்களும்

“கண் சிமிட்டறதுக்குள்ள உன் புரோகிராம் வழி சொல்லும்னு பெரும பேசுனியே தம்பி, இப்ப இந்தப் பூட்டைத் தொற பார்ப்போம்!”

“கத்தாதீங்கக்கா, லேப்டாப்ல பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்லா!”

“அதுக்குள்ள சாவியா இருக்கு?”

பாடாங் மேஹாவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் பூட்டிய கேட் முன்னால் நளினியின் வேன் நின்றது. உள்ளே கூலிம் ஹைடெக் பூங்காவுக்குக் காலை ஷிப்ட் போகிற பெண்கள். இந்த மாதம் அடிக்கடி பிந்திவிட்டாள் நளினி. இன்றும் பிந்தினால் ஆள் ஏற்றும் ஓட்டம் வேறு வேனுக்குப் போய்விடும் என்று ஃபேக்டரியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பக்கத்து வீட்டு லோகேஸ்வரனை, அவன் எழுதிய வழி சொல்லும் புரோகிராமோடு முன் சீட்டில் ஏற்றி வந்திருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, பையன் கெட்டிக்காரன்தான். முன்பெல்லாம் அந்தப் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் கெடா மாநிலத்துச் சந்துபொந்தெல்லாம் தேடிவிட்டுத்தான் வாய் திறக்கும். இப்போது சின்னச் சாலைகளை முன்கூட்டியே கோத்து, ஒவ்வொரு கோவையையும் ஒரு நீண்ட தாவலாகக் கணக்குப் போட்டு வைத்துவிட்டான். வழி கேட்டால், தாவலோடு தாவலை ஒட்டி உடனே சொல்லிவிடும். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அவன் இதையேதான் பேசினானாம். ஆனால் தாவலுக்குள் என்ன கிடக்கிறது என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கேதான் வினை: பூட்டிய கேட் உள்ள இந்தத் தோட்டத்து ரோட்டையும் குறுக்கு வழி என்று காட்டிவிட்டது.

“எத வச்சு இந்த ரோட்டக் கணக்குல சேர்த்த?” பின் சீட்டு ஷீலா கேட்டாள்.

“நளினி அக்கா போன்ல பதிவான ஓட்டத்த வச்சு. இந்த ரோட்ல பறந்திருக்காங்களே!”

“அடப்பாவி, அது திருவிழா வாரம்! தோட்டத்துக் கோயிலுக்கு வர்ற காவடிக்காரங்களுக்காக கேட்டைத் தொறந்து விட்டிருந்தாங்க!” என்றாள் நளினி.

“அத யாரு சொன்னா எங்கிட்ட?”

நளினி ஹார்னை அழுத்தினாள். போனைத் தூக்கிக் கொடுத்தவள் அவள்தானே.

சத்தம் கேட்டுத் தோட்டத்து ஜாகா வசந்தன் சாவியோடு வந்தான். காவல் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவனைத் தேடி இத்தனை பெண்கள் வந்ததில்லை.

“மேனேஜர் பார்த்தா எனக்குத்தான் ஏச்சு. இன்னிக்கு மட்டும் தொறந்து விடறேன்லா. செம்பனைப் பழ லோரி போற நாள்ல கேட் தொறந்தே கிடக்கும். இனிமே போன் பண்ணிட்டு வாங்க.”

ஷிப்டுக்கு முன்பே வேன் போய்ச் சேர்ந்தது. ஓட்டம் கைநழுவாமல் தப்பியது.

அன்றைக்கே லோகேஸ்வரன் புரோகிராமைத் திருத்தினான். கேட்டைத் தாண்டும் தாவல்களைத் தனியே குறித்தான். கேட் மூடியிருந்தால் அவற்றை மட்டும் கழற்றிப் புதிதாகக் கணக்கிடும், மொத்த வரைபடத்தையும் மறுபடி கிளற வேண்டாம். தினமும் அதற்கு ஒரே ஒரு தகவல் வேண்டும்: கேட் திறந்திருக்கிறதா? வசந்தனிடம் விசாரிக்கும் பொறுப்பை நளினியே ஏற்றுக்கொண்டாள்.

‘ஆமாம்’, ‘இல்லை’ என்று முடிய வேண்டிய பேச்சு. அது வாரா வாரம் நீண்டது. கேட் மூடியிருந்த நாளில்தான் அதிகம் சிரித்தாள் என்கிறாள் ஷீலா.

தைப்பூசம் கழிந்ததும் வசந்தனைக் கட்டிக்கொண்டு நளினி பாடாங் மேஹாவுக்கே குடிபோனாள். வேன் இன்றும் அவள் கையில்தான். லோகேஸ்வரன் வேலை கிடைத்துப் பினாங்கு போய்விட்டான். அவனுக்குத்தான் இன்னும் பெண் அமையவில்லை.