பத்து மணிக்கு மேல்

"யாரு மெஷினப் போட்டது?"

தெரு நலச் சங்கச் செயலாளர், வீட்டு மின்செலவு காட்டும் போனைக் கையில் பிடித்தபடி சமையலறைக்குள் ஓடிவந்தார். பொழுது சாய்ந்து விளக்கேற்றிய நேரம். வாஷிங் மெஷின் நுரை கக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான்தான். காலைல டூட்டிக்கு யூனிஃபார்ம் வேணும்."

"பீக் அவர்ல மெஷினா? அதுவும் செயலாளர் வீட்லயா? நான் தெருவுல தலை காட்ட முடியுமா?"

"பகல்ல யாராவது போட்டிருந்தா நான் ஏங்க இப்பப் போடறேன்?"

"பகல்ல வீட்ல யாரு இருக்கா?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த அவள் மாமனார் செய்தித்தாளில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வாசற்படி தாண்டுவது அபூர்வம்.

செயலாளர் சுவிட்சைத் தட்டிவிட்டார். மெஷின் முனகிக்கொண்டே நின்றது. அவளுடைய நீலச் சீருடை சோப்புத் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது.

திட்டம் நல்ல திட்டம். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போனதில், மாலையானால் ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுத்தது. அந்தச் சில மணி நேரத்துக்காகவே கூடுதலாக நிலக்கரி எரிந்தது. பீக் அவரில், அதாவது மாலை ஆறிலிருந்து பத்துவரை, சிக்கனமாக இருக்கும் தெருவுக்கு, மாடிகளில் சூரியத் தகடுகளும் பொதுவாக ஒரு பெரிய பேட்டரியும் மானியத்தில் தருவதாக மின்வாரியம் அறிவித்தது. செயலாளர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார், சண்டை போட்டார், தெருவையே சேர்த்துவிட்டார். தெருமுனையில் புகை கக்கிய ஜெனரேட்டரை மூட வைத்ததும் அவர்தான். மனிதர் தங்கமானவர். ஒரு விளக்கு வீணாக எரிந்தாலும் அவருக்கு வயிறு எரியும்.

ஒன்றுதான் இடித்தது. துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, தண்ணீர் ஏற்றுவது எல்லாம் ஆறு மணிக்கு முன் அல்லது பத்து மணிக்கு மேல் என்று கைதட்டித் தீர்மானம் போட்டவர்களில் ஒருவர்கூடத் துணி துவைப்பவர் இல்லை. தீர்மானம் போட்டவர்கள் பத்து மணிக்குக் குறட்டை விட்டார்கள். மற்றவர்கள் விழித்திருந்தார்கள்.

செயலாளரின் மனைவியைத் தெருவில் எல்லோரும் டிரைவரம்மா என்பார்கள். நகரத்தின் மின்சாரப் பேருந்தை ஓட்டுகிறவள். விடியுமுன் டெப்போவில் நிற்க வேண்டும். வீடு திரும்பும்போது பீக் அவர் தொடங்கியிருக்கும். வேலையெல்லாம் பத்து மணிக்கு மேல் தள்ளிப்போனதும் அவள் தூக்கமும் தள்ளிப்போனது. போய்க்கொண்டே இருந்த அந்தத் தூக்கம் போன வாரம் ஸ்டியரிங் முன்னால் வந்து அவளைப் பிடித்துக்கொண்டது. ஒரு நொடிதான். பேருந்து நடைபாதையை உரசிக்கொண்டு நின்றது. யாருக்கும் அடிபடவில்லை.

"இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வண்டியத் தர மாட்டேன். டிக்கெட் கவுண்டர்தான்" என்றார் டெப்போ மேலாளர். அந்த வண்டிக்காக அவள் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருப்பாள்!

வீட்டில் சொன்னாள். "மத்தியானத்துல கொஞ்சம் கண்ண மூடிக்கோம்மா" என்றார் மாமனார் பரிவோடு. ஓடுகிற பஸ்ஸிலா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மெஷின் பாதியில் நின்ற மறுநாள் ஈரச் சீருடையோடு வண்டி ஓட்டினாள். மாலையில் வண்டியைச் சார்ஜில் மாட்டும்போது டெப்போ ஊழியர் பதறினார்: "முழுசா ஏறட்டும்மா, பாதியில எடுத்தா வண்டி வழியிலயே நின்னுடும்." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த மாதமே அவர்கள் தெருவுக்கு மின்சிக்கனப் பரிசு கிடைத்தது. சமூகக் கூடத்தில் விழா. செயலாளர் புதுச் சட்டையில் தலைகால் புரியாமல் நின்றார். மின்வாரியப் பெண் பொறியாளர் திரையில் மின்செலவு வரைபடத்தின் கோடு ஒன்றைக் காட்டினார்.

"இதுதான் முன்மாதிரி வீடு, உங்க செயலாளர் வீடு. சாயங்காலம் பாருங்க, கோடு தரையோட படுத்திருக்கு. அப்புறம் நடுராத்திரில ஒரு குன்று மாதிரி எழும்புது. சார், டைமர் வெச்சு மெஷின ஓட்டறீங்களா? எந்தக் கம்பெனி டைமர்?"

செயலாளர் அசடு வழிந்தார். மூன்றாவது வரிசையிலிருந்து பதில் வந்தது.

"கம்பெனி எல்லாம் இல்லீங்க. அந்த டைமர் நான்தான்."

கூடம் சிரித்தது. ஆனால் எதிர்வீட்டுத் தையல்காரி சிரிக்கவில்லை, எழுந்து நின்றாள். "எங்க வீட்டுக் கோட்டையும் போடுங்க மேடம். அந்தக் குன்றும் நான்தான்." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு ஒரு வரிசையே எழுந்தது.

"திட்டம் வேணாம்னு சொல்லல" என்றாள் டிரைவரம்மா. "நான் ஓட்டறதே கரண்டு பஸ்தான். ஆனா பஸ் நிறைய ஆளுங்கள உக்கார வெச்சுக்கிட்டு நான் தூங்கி வழியறேன். இனிமே பீக் அவர்லயும் மெஷினத் தொடமாட்டேன், பத்து மணிக்கு மேலயும் தொடமாட்டேன். வெளுத்த துணி யாருக்கு வேணுமோ அவங்க முழிச்சிருக்கட்டும்."

செயலாளர் மேடையை விட்டு இறங்கி வந்து காதோடு சொன்னார்: "தெருவோட மானம் போயிடும்."

"போகாம நீங்க காப்பாத்துங்க. சோப்புத் தூள் மேல் தட்டுல இருக்கு."

அன்றிரவு அவள் பிள்ளைபோலத் தூங்கினாள். செயலாளர் மெஷினைத் திறந்து மூடி, எந்தப் பொத்தான் என்று தெரியாமல் திண்டாடினார். நாலு நாள் கண்விழித்ததும் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்தன. ஐந்தாம் நாள் அவருக்கு ஞானம் பிறந்தது: பகலில் மாடித் தகடுகளில் மின்சாரம் பொங்கி வழிகிறது, பகல் முழுக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்! அப்பாவிடம் போய்ச் சொன்னார். அப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு வழியில்லை, செய்தித்தாளை மடித்து வைத்தார்.

வேளைக்கொரு சட்டை மாற்றிக்கொண்டிருந்த பெரியவர் மறு வாரமே ஒரு சட்டையை இரண்டு நாள் போடலாம் என்று கண்டுபிடித்தார். ஒரு துண்டு ஒரு வாரம் வரும் என்பதும் தெரிந்தது. மகனும் அதையே பின்பற்றினார். தெருவிலும் மெல்ல மெல்ல இந்தக் கண்டுபிடிப்பு பரவியது. நடுராத்திரிக் குன்று நண்பகலுக்கு நகர்ந்து, பாதியாகவும் இளைத்துப்போனது. டிரைவரம்மா வண்டியைப் பூப்போல ஓட்டினாள்.

பொறியாளர் வியந்துபோய்ச் செயலாளரைப் பக்கத்துத் தெருவில் பேசச் சொன்னார். அவரும் போய், எளிமையே பூமியைக் காக்கும் வழி என்று தாமே கண்டறிந்த விதத்தை உருக்கமாக எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

"என்ன கைதட்டல் தெரியுமா!" என்றார் வந்ததும்.

"கூட்டத்துல பொம்பளைங்க எத்தன பேர் இருந்தாங்க?"

"யாரும் வரல. சாயங்காலம் இல்ல? எல்லாருக்கும் வீட்ல வேலை இருக்குமே."

"அப்ப அந்தத் தெருவுல டைமர் யாருன்னு கேட்டீங்களா?"

செயலாளர் சட்டையைக் கழற்றினார். மெஷின் பக்கம் இரண்டடி வைத்தவர், யோசித்து, நாளைக்கும் இதையே போட்டுக்கொள்ளலாம் என்று ஆணியில் மாட்டினார்.

"அடுத்த கூட்டம் என்னிக்கு?" என்று கேட்டாள் டிரைவரம்மா. "நான் வர்றேன் பேச."