பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர்

தடுப்பூசிக் கம்பெனியில் நான் ஏசி மெக்கானிக். விஞ்ஞானம் வளர்ந்த கதையை என்னைக் கேளுங்கள், சூட்டை வைத்தே சொல்வேன். நான் சேர்ந்தபோது கிருமியைக் கோழிமுட்டைக்குள் வளர்த்தார்கள். அந்த ஹாலை வெதுவெதுப்பாக வைத்திருப்பது என் பாடு. அப்புறம் முட்டை போய் எஃகுத் தொட்டி வந்தது. இப்போது மருந்தின் சூத்திரத்தைக் கம்ப்யூட்டரில் எழுதி, செய்ததை மைனஸ் எழுபது டிகிரியில் உறையவைக்கிறார்கள். பத்து வருஷம் இழுத்த வேலை ஒரே வருஷத்தில் முடிந்துவிடுகிறது. ஆனாலும் கடைசியில் மனுஷனுக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வீட்டுக்காரி நர்ஸ். புதுக் காய்ச்சல் ஊரையே புரட்டிப் போட்டபோது, எங்கள் கம்பெனியின் சோதனை ஊசிக்கு முதல் ஆளாகக் கை நீட்டினாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று போடுகிறவருக்கே தெரியாது. மறுநாள் அவளுக்கு உடம்பு கொதித்தது.

"பாத்தீங்களா, எனக்கு அசல் சரக்குதான்!" என்று குதித்தாள். நானும், மடையன், பல்லை இளித்தேன். அந்தத் தைரியத்தில்தான், அதுவரை தட்டிக்கழித்த காய்ச்சல் வார்டுக்கு வேலைக்குப் போனாள்.

சில வாரத்தில் அதே வார்டில் நோயாளியாகப் படுத்தாள். சோதனையை நடத்திய டாக்டரை வழிமறித்தேன். "அவளுக்கு என்னதான் சார் போட்டீங்க?"

"சத்தியமா எனக்கே தெரியாதுப்பா. தெரிஞ்சா அது சோதனையே இல்ல."

அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அடுத்த மாதம், மருந்து பிரமாதமாக வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். கம்பெனி முழுக்க ஒரே கைதட்டல். டாக்டர் மட்டும் என் மெஷின் ரூமுக்கு வந்து தலை குனிந்து நின்றார்.

"உப்புத் தண்ணிப்பா. அந்தப் பக்கம் எத்தனை பேர் விழுந்தாங்கன்னு பாத்துத்தான் மருந்து வேலை செய்யுதுன்னே தெரிஞ்சுது."

"அப்ப அன்னைக்கு வந்த காய்ச்சல்?"

"சாதாரண சளிக் காய்ச்சலா இருக்கும்."

 ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊழியர் குடும்பங்களுக்கு முதலில் ஊசி போட்டார்கள். எங்கள் முறை வந்ததும் மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கும் இதத்தானே போட்டாங்க? எனக்கு வேணாம், போ!"

வரிசை அப்படியே நின்றது. சொல்லாமல் விட்டால் இவளையும் பறிகொடுப்பேன்.

"அம்மாவுக்கு இதப் போடலடா கண்ணு. அவளுக்குப் போட்டது வெறும் உப்புத் தண்ணி."

என்னையே பார்த்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினாள். ஊசி ஏறும்போதும் என்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ இங்கதானேப்பா வேலை பாக்கற? அம்மாவுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரணும்னு உனக்குத் தோணலையா?"