நாற்பதுக்குப் பதினேழு குறைவு

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டுக் கிறிஸ்தவச் சபையின் செயலாளர் மாணிக்கத்துக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையில் இறங்கினால் என்ன ஆகும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கே தெரிந்துபோனது.

விஷயம் இதுதான். பேராய அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேராவது வராத சபைகளை மூடி, அடிவாரத்துச் சபையோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். தலைகளை எண்ணிப் பார்க்க யுவராஜ் என்கிற அதிகாரி வருகிறாராம். மாணிக்கம் விரல்விட்டு எண்ணினார். கைக்குழந்தையைச் சேர்த்தும் இருபத்து மூன்றுதான் தேறியது.

அடிவாரத்துக்குப் போவதென்றால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வயதான கண்ணாயிக்கு மூன்றாம் வளைவிலேயே வாந்தி வந்துவிடும். மாணிக்கத்துக்கோ அந்த ஓட்டுக் கட்டடம்தான் எல்லாம். கல்யாணம் அங்கே நடந்தது, மனைவியைப் புதைத்தது அதன் பின்புறத்தில். ஞாயிறு காலையில் அங்கே மணி அடிக்காமல் போவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஆயர் சுகந்தியிடம் யோசனை கேட்கலாம்தான். ஆனால் அந்த அம்மா உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுக்கச் சொல்லிவிடுவார். மலைக்கு வந்த முதல் வாரமே, கோயில் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும் என்று அறிவித்தவர் அவர். எல்லோரும்தான் அப்படிச் சொல்வார்கள். இவர் பூட்டையே கழற்றி மாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்டவரிடம் திருட்டு வேலைக்கு அனுமதி கேட்க முடியுமா?

எனவே சனிக்கிழமை மாணிக்கம் தனியாகக் கிளம்பினார். முதலில் சின்னையனின் டீக்கடை.

"ஏனுங்க சின்னையா, நாளைக்கு ஒரு மணி நேரம் எங்க கோயிலுக்கு வந்து உக்காரோணும்."

"எதுக்குங்க?"

"தல எண்ண ஆபீசர் வாராரு. ஆளு பத்தலீங்க."

"கும்புடோணுங்களா?"

"உக்காந்தாப் போதும்."

"அட, இதுக்கா இந்தத் தயக்கம்? ஊட்டுல எல்லாரையும் கூட்டியாறனுங்க."

ஒருவர்கூட மறுக்கவில்லை. அதுதான் மாணிக்கத்துக்கு ஆச்சரியம். அன்னாசித் தோட்டத்துப் பாப்பாத்தி தன் நாத்தனாரையும் சேர்த்துக்கொண்டாள். மிளகு வாங்க வாராவாரம் அடிவாரத்திலிருந்து ஏறி வரும் யாக்கூப், தான், மனைவி ஜொஹ்ரா, மகள் ஆஸியா என்று ஒரே வீச்சில் மூன்று தலை கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எப்போது எழுந்திருப்பது, எப்போது உட்காருவது என்று அவர்களுக்குத் தெரியாதே, அதற்கும் மாணிக்கம் ஒரு வழி வைத்திருந்தார்.

"நான் மூக்குக் கண்ணாடியக் கழட்டுனா எந்திரிங்க. மாட்டுனா உக்காருங்க. அவ்வளவுதான்."

ஞாயிறு வந்தது. மாணிக்கம் எல்லோர் கண்ணிலும் படும்படி பீடத்தருகே சபையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். ஒல்லியான யுவராஜ் ஒரு ஃபைலோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்னால் நிறைந்திருந்த கோயிலைப் பார்த்து சுகந்திக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதைப் பார்க்கப் பார்க்க மாணிக்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. பிரசங்கம் பாதியில் இருக்கும்போது கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. துடைக்கலாமே என்று கழற்றினார்.

பதினேழு பேரும் விருட்டென்று எழுந்து நின்றார்கள். தூங்கி வழிந்துகொண்டிருந்த பழைய ஆட்கள், நாம்தான் எதையோ கோட்டைவிட்டோம் என்று பதறி அவர்களும் எழுந்தார்கள். மொத்தச் சபையும் நிற்பதைப் பார்த்த சுகந்தி, இன்றைக்கு இவ்வளவு போதும் போலிருக்கிறது என்று பிரசங்கத்தை முடித்துக்கொண்டார். மாணிக்கம் துடைத்த கண்ணாடியை மாட்டியதும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பின்னால் யுவராஜ் பென்சிலை எடுத்துத் தலைகளை எண்ணினார். அவர் உதடு 'நாற்பது' என்று அசைந்ததை மாணிக்கம் கண்ணால் பார்த்தார். அப்பாடா என்றிருந்தது.

அடுத்து அறிவிப்புகள்.

"இன்னிக்குப் புதுசா வந்திருக்கறவங்க எந்திரிச்சுப் பேரச் சொல்லுங்க" என்றார் சுகந்தி.

மாணிக்கத்துக்குத் தலை சுற்றியது. இந்த வழக்கத்தைச் சபையில் கொண்டுவந்ததே மாணிக்கம்தான். புதிதாக வருகிறவர் எழுந்து பேர் சொல்ல வேண்டும், சபை கைதட்ட வேண்டும். நாலைந்து மாதமாகப் புது முகமே வராததால் அடியோடு மறந்துபோயிருந்தார்.

பாப்பாத்தி துள்ளி எழுந்தாள். "நான் பாப்பாத்திங்க. எனக்குச் சாமின்னா நம்ம மலைச் சிவன் அறப்பளீசுவரர்தானுங்க. மாணிக்கண்ணன் ஆளு பத்தலைன்னாரு, வந்தனுங்க."

கைதட்டல்.

"சின்னையனுங்க. டீக்கடை. தல எண்ண ஆபீசர் வாராருன்னு சொன்னாங்க. வந்துட்டாருங்களா?"

அதற்கும் கைதட்டல். பின்வரிசையில் பென்சில் நின்றுவிட்டது.

ஜொஹ்ரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். "போன மழையில ரோட்டுல மண்ணு சரிஞ்சப்போ மூணு நாளு இந்தக் கோயில்லதான் இருந்தோம். தொழுகணும்னு சொன்னதும் ஆயரம்மா புதுப் பாய் எடுத்து வந்து, எந்தப் பக்கம் பாத்துத் தொழுவீங்கன்னு கேட்டு விரிச்சுக் குடுத்தாங்க. நூறு பேரு வேணும்னு சொல்லியிருந்தாலும் கூட்டிட்டு வந்திருப்பேன்."

இதற்கு மேலும் உட்கார்ந்திருந்தால் மனிதனே இல்லை. மாணிக்கம் எழுந்தார்.

"தப்புங்க. நாந்தான் எல்லாரையும் கூட்டியாந்தேன். இருபத்து மூணுதானுங்க நெசம். மூடிருவாங்கன்னு பயமா இருந்துச்சுங்க."

சுகந்தி அவரைத் திட்டவில்லை. "உக்காருங்கண்ணா. இன்னும் ஒருத்தர் புதுசா வந்திருக்காரு" என்று கடைசி வரிசையைப் பார்த்தார்.

யுவராஜ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். "என் பேரு யுவராஜ்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் உண்மை பேசுகிற இடத்தில் அவருக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. "இந்தச் சபைய மூடலாமான்னு பாக்க வந்திருக்கேன்."

முதலில் கைதட்டியது கண்ணாயிதான். புதிதாக வந்தவரைக் கைதட்டாமல் உட்கார வைப்பது அவள் அகராதியில் கிடையாது. பிறகு மாணிக்கம் தட்டினார். பிறகு யாக்கூப், சின்னையன், பாப்பாத்தி என்று நாற்பது பேரும் தட்டினார்கள். பாப்பாத்திக்கு உற்சாகத்தில் நிறுத்தவே தெரியவில்லை.

யுவராஜ் உடனே உட்காரவில்லை. "முப்பது சபைக்குப் போயிருக்கேன்" என்றார் மெதுவாக. "நாற்காலி போடுவாங்க, இளநீ வெட்டுவாங்க. யாரும் பேரு கேட்டதில்ல." சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்து இருபத்து மூன்று என்று எழுதினார். "விதிப்படி ஒரு வருஷம் தவணை குடுக்கலாம். குடுக்கச் சொல்லி எழுதறேன். அதுக்குள்ள நாற்பது சேரணும். நெசமான நாற்பது."

"சரிங்க" என்றார் மாணிக்கம். பதினேழு பேருக்கு எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு, முதல் பஸ்ஸில் யுவராஜ் வந்து இறங்கினார். கையில் ஃபைல் இல்லை. வேட்டி கட்டியிருந்தார். சின்னையன் வீட்டாரும் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை மாணிக்கம் கணக்கில் சேர்க்கவில்லை, நல்ல பாயாகப் பார்த்து எடுத்துப் போட்டார்.

புதுசா வந்தவங்க எந்திரிங்க என்று சுகந்தி சொன்னதும் யுவராஜ் ஆசையாக எழுந்தார். மாணிக்கம் பதறி ஓடி வந்து அவர் தோளில் கை வைத்தார்.

"ஏனுங்க, நீங்க போன மாசமே வந்துட்டீங்க. இன்னும் என்னங்க புதுசு? உக்காருங்க."

யுவராஜ் உட்கார்ந்தார். மாணிக்கம் வருகைப் பதிவேட்டைத் திறந்து, இருபத்து மூன்றை அடித்துவிட்டு இருபத்து நான்கு என்று எழுதினார்.