ஒரே இடத்தில் திக்கியது

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, காலை நீட்டலாம் என்று பாயை விரித்தேன். அண்ணன் மகள் ஜெமி வந்து நின்றாள்.

"சித்தப்பா, ரஷீத் பாய் கூப்புட்றாரு. உங்க கண்ணு வேணுமாம்."

"ஏன், ஞாயித்துக்கெழம கண்ணுக்கும் லீவு கெடையாதா?"

ஆம்பூர் பஜாரில் ரஷீத் அஹமது வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். உட்கார்ந்து விளையாட நான்கு மெஷின்கள். எல்லோர் கையிலும் போன் வந்த பிறகு நாற்காலிகள் காலி. இப்போது கடைசியாக ஒரு வழி வந்திருந்தது. இருபது வருடத்துக்கு முன்னால் ஓகோ என்று ஓடிய ஒரு மெஷினை அதன் கம்பெனி சின்னதாகச் செய்து மறுபடி விற்கப் போகிறது. இந்தப் பக்கத்துக்கு ஏஜென்சி எடுக்கிறீர்களா என்று சென்னையிலிருந்து கேட்டு, ஒரு மெஷினையும் அனுப்பியிருந்தார்கள். இன்றைக்கு நாலு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். எடுத்தால் கடை நிற்கும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டு, ராணிப்பேட்டையில் மச்சானுடைய கெமிக்கல் குடோனில் போய் வேலைக்கு நிற்க வேண்டும்.

குறுக்கே விழுந்தவள் எங்கள் ஜெமிதான். வேலூரில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். அந்த மெஷின் செய்கிற வேலையை ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரே செய்துவிடும், அதற்கான புரோகிராமுக்கு எமுலேட்டர் என்று பெயர், இன்டர்நெட்டில் சும்மா கிடைக்கிறது என்று பாயிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"உங்க பொண்ணு என்னைப் பேஜார் பண்ணிட்சி ஆபேலு," என்றார் பாய், நான் கடைக்குள் நுழைந்ததும். "மெஷின்ல கம்பெனிக்கு லாபம் கம்மி. அதுல போட்ற கேமுலதான் ஜாஸ்தி. கம்ப்யூட்டர்லயே எல்லாம் சும்மா ஆடலாம்னா கம்பெனி எப்டி பொழைக்கும், நான் எப்டி பொழைப்பேன்? ஆனா போலி போலிதானே? பாத்தா தெரியாது? நீ பாத்துச் சொல்லு. தெரியுதுன்னா ஏஜென்சிய இப்பவே எடுத்துக்குறேன்."

என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. தோல் பாக்டரியில் இருபத்தாறு வருடமாக எனக்கு செலக்‌ஷன் வேலை. மட்டமான தோலை மேலே தேய்த்து, சூடான பிளேட்டில் அழுத்தி, நல்ல தோலின் வரியை அச்சடிப்பார்கள். அசலையும் அச்சையும் பிரிப்பது என் வேலை. ஒரு தோலுக்கு ஒரு பார்வைதான். இரண்டாவது தரம் பார்த்தால் அன்றைக்கு வந்த தோல் கட்டு முடியாது. நான் தேடுவது அழகை இல்லை, குறையை. உண்ணி கடித்த புள்ளி, வேலி முள் கிழித்த கோடு. அது இருந்தால் உயிரோடு மேய்ந்த மாட்டின் தோல். அச்சு பிளேட் செய்கிறவன் அதில் முள் கோட்டை வெட்ட மாட்டான்.

ஜெமி இரண்டு டிவியை வைத்து, எது எதில் ஓடுகிறது என்று தெரியாதபடி பின்னால் இருந்த மெஷினையும் கம்ப்யூட்டரையும் பெட்ஷீட் போட்டு மூடினாள். இரண்டிலும் ஒரே விமான விளையாட்டு. இடது பக்கத்தை முதலில் ஆடினாள். விமானம் மேகத்தைத் தாண்டிப் போனது. எதிரி விமானங்கள் கூட்டமாக வந்து குண்டு மழை பொழிந்ததும் படம் திக்கியது. சுமை தாங்காத வண்டி மேடு ஏறுவது மாதிரி மெதுவாகி, பிறகு ஓடியது.

"போதும்மா, நிறுத்து," என்றேன். "இதான் அசல். பழைய மெஷினு, மூச்சு வாங்குது பாரு."

பாய் எழுந்து என் முதுகில் ஒரு அடி வைத்தார். "சொன்னேன்ல! கண்ணுன்னா இதான் கண்ணு!" போனைக் கையில் எடுத்துவிட்டார்.

ஜெமி பெட்ஷீட்டை இழுத்தாள். இடது டிவியின் வயர் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது.

"வலது பக்கம் பாக்கவே இல்லியே சித்தப்பா," என்று அதையும் ஆடினாள். கம்பெனி மெஷின். மேகம், கூட்டம், குண்டு மழை. அதே இடத்தில் திக்கியது. மறுபடி இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்து, கம்பெனி மெஷினில் பாயை ஆட வைத்து, கம்ப்யூட்டரில் தான் ஆடிக் காட்டினாள். இரண்டும் ஒன்றாக மூச்சு வாங்கி, ஒன்றாக விட்டன.

நான் ஜெமியிடம் திரும்பினேன்.

"கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஒரு பாரமா?"

"இல்ல. அது இன்னும் வேகமா ஓடும். அந்த மெஷினு திக்கும், அதனால இதுவும் திக்கணும்னு செஞ்சிருக்காங்க."

"குறையை எதுக்குச் செய்யணும்? சரி பண்ணிட்டுப் போலாமே?"

"சரி பண்ணா அது வேற மெஷினு ஆயிடும் சித்தப்பா."

இதைச் செய்தவன் முள் கோட்டையும் வெட்டியிருக்கிறான். எந்த முள், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்று பார்த்து வெட்டியிருக்கிறான்.

"எந்தக் கம்பெனிக்காரன் செஞ்சான்?"

"கம்பெனியே இல்ல. எங்கெங்கயோ இருக்கற ஆளுங்க. பகல்ல வேற வேலைக்குப் போறாங்க. வீட்டுக்கு வந்து இதை செய்றாங்க. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம்."

"சம்பளம்?"

"முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் கெடையாது."

ஷிப்ட் முடிந்து வந்தால் எனக்குச் சட்டைப் பொத்தானைக் கழற்றக் கை எழும்பாது. என்னைப் போலவே வேலை முடிந்து வந்த ஒருவன், சோறு தின்றுவிட்டு உட்கார்ந்து, யாரோ செய்த மெஷின் எங்கே திணறுகிறது, எத்தனை இமைப்பொழுது திணறுகிறது என்று எண்ணியிருக்கிறான். கூலி இல்லாமல். வேதத்தில் அற்புதங்களைப் படித்திருக்கிறேன். எதிரில் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை.



"கம்பெனியோட போட்டின்னா போட்டுப் பாக்கலாம் ஆபேலு," என்றார் பாய். "துட்டே கேக்காதவனோட என்னாத்தப் போட்றது?"

போனை எடுத்தார்.

"சலாம் சார். ஏஜென்சி வேணாம் சார்... இல்ல, மெஷினு நல்லாத்தான் இருக்கு. குத்தம் ஒண்ணும் இல்ல... வேற பார்ட்டிலாம் இல்ல சார். நாளைக்கு மெஷினைத் திருப்பி அனுப்பிட்றேன்."

வைத்துவிட்டு மச்சானுக்குப் போன் அடித்தார். அடுத்த வாரத் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெமியிடம் கையை நீட்டினார்.

"அந்த ஜாய்ஸ்டிக்க இங்க குடும்மா. அது திக்குற எடத்த நானே ஒருவாட்டி ஆடிப் பாக்குறேன்."