மாதிரிக் கையெழுத்து

அலுவலகத்தில் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு முன்னால் இல்லை, முதுகுக்குப் பின்னால். பிறரைச் சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய மனுஷி அவள். ஆவண அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் அவள் மேஜை. விண்ணப்பத்திலும் பழைய பத்திரத்திலும் இருக்கும் கையெழுத்து ஒரே ஆளுடையதுதானா என்று பார்த்து, சரியென்றால் நகலின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. பெற்ற பிள்ளை பசிக்கிறது என்றாலும் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சோறு போடுவாள் என்று கேலி பேசுவார்கள். அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை, அவள் கொடுத்த நகல்களில் ஐந்து வேறொரு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தன. "சான்றளித்தவரின் கையெழுத்து, மாதிரி அட்டையோடு ஒத்துப்போகவில்லை" என்று ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. அவள் என்றோ போட்டுக் கொடுத்த மாதிரிக் கையெழுத்து அந்த அட்டையில் இருக்கும்.

அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஐந்தையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தாள். கோட்டில் நடுக்கம். நடுவே இரண்டு இடத்தில் பேனா நின்று மறுபடி கிளம்பியிருக்கிறது. தாள் பின்பக்கம் புடைக்கும் அளவுக்கு அழுத்தம். கடைசிச் சுழி பாதியிலேயே முடிந்திருக்கிறது. சொந்தக் கையெழுத்தைப் போடுகிறவன் யோசிக்க மாட்டான், கை தானாக ஓடும். பார்த்து வரைகிறவனுக்குத்தான் நடுங்கும், நிற்கும், அழுந்தும். இது போலி. இதைச் சொல்ல அவளைவிடப் பெரிய ஆள் அந்த ஊரில் இல்லை.

போட்டது யார்? அதற்கு அவள் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை.

எதிர்மேஜையில் உட்கார்ந்து உறைகளுக்கு முத்திரைச் சீட்டு ஒட்டுபவளுக்குப் பசை என்று பெயர். பெயரில்தான் பசை, பையில் இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பதினாறு வருடமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். அந்தப் பசை ஆறு மாதமாகப் பூதக்கண்ணாடியின் அலமாரிச் சாவியைக் கேட்டு வாங்கித் தானே திறந்து விடுகிறாள். மைப்பெட்டி மூடியைத் திறந்து வைக்கிறாள். கட்டுக்கட்டாக இருக்கும் நகல்களின் இறுக்கமான கிளிப்பைக் கழற்றி, "கையெழுத்து மட்டும் போடுங்கக்கா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்கிறாள். சும்மா ஆடுமா குடுமி? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று பூதக்கண்ணாடி தன் தலையில் அடித்துக்கொண்டாள். அன்று மாலையே அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை.

"நான் போடல சார்," என்றாள் பசை.

"அப்ப யாரு போட்டது?"

பூதக்கண்ணாடியின் முகத்தைப் பசை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது இதுதான் என்று பூதக்கண்ணாடி முடிவு கட்டினாள். விசாரணை முடியும்வரை பசை வேலைக்கு வர வேண்டாம் என்றார் அதிகாரி. குற்றம் உறுதியானால் வேலையே போய்விடும் என்றும் சொன்னார்.

வீட்டிலும் பூதக்கண்ணாடிக்கு நிம்மதி இல்லை. எண்ணெய் பாட்டிலின் மூடியைக் கணவர் வேண்டுமென்றே இறுக்கி வைக்கிறார் என்று கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஒரு சந்தேகம்.

"எதுக்குங்க இப்படி முறுக்கி வைக்கறீங்க? நான் கெஞ்சிக் கேக்கணும்னா?"

"ரெண்டு விரலால மூடினேன்டி. உன் கைக்குத்தான் என்னமோ ஆயிருக்கு."

அவர் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்தாள். அடுத்த திங்கட்கிழமை காலை பால் பாத்திரம் அவள் கையிலிருந்து நழுவிச் சமையலறை முழுக்கக் கொட்டியது. அதற்கு யாரைச் சொல்வது என்று அவளுக்கே தெரியவில்லை. கணவர் பேசாமல் தரையைத் துடைத்துவிட்டு, அவளைக் கையோடு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண். பூதக்கண்ணாடியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நகத்துக்குக் கீழே உள்ள கடைசி மூட்டுகளில் மிளகு அளவுக்குக் கெட்டியான முண்டுகள்.

"இது எப்ப வந்தது?"

"அது எங்க குடும்ப வாகு. எங்கம்மாவுக்கும் இருந்தது."

"காலையில விரலெல்லாம் இறுகி இருக்குமா? எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். சுடுதண்ணில கை வச்சா சரியாயிடும்."

மருத்துவர் கட்டைவிரலின் அடிமூட்டை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, அழுத்திச் சுழற்றினாள். உள்ளே மணல் அரைபடுவதுபோல நறநறத்தது. பூதக்கண்ணாடிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"மூட்டுத் தேய்மானம்மா. எலும்பு முனையில இருக்கற குருத்தெலும்பு தேஞ்சுபோச்சு. மூடி திறக்க, சாவி திருப்ப, பேனா பிடிக்க, எல்லாத்துக்கும் இந்த மூட்டுதான் வேலை செய்யணும்."

"எக்ஸ்ரே எடுக்காமலே சொல்றீங்க?"

"உங்களுக்குத் தேவைப்படல. மணிக்கணக்கா இறுகி இருந்தா, மூட்டெல்லாம் சூடா வீங்கியிருந்தா, அப்ப வேற வாதமான்னு ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

எக்ஸ்ரே எழுதியிருந்தால் கமிஷன் என்று நினைத்திருப்பாள். எழுதாததால் அலட்சியம் என்று நினைத்தாள். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

"எப்படிப் பேனா பிடிக்கறீங்கன்னு பாக்கலாம். ஏதாவது எழுதுங்க," என்று மருத்துவர் ஒரு தாளை நீட்டினாள்.

வேறென்ன எழுதுவாள்? இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கையெழுத்தைப் போட்டாள். போட்டுவிட்டு, அதே பழக்கத்தில் தாளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். கோட்டில் நடுக்கம். இரண்டு இடத்தில் நிறுத்தம். பின்பக்கம் புடைப்பு. பாதிச் சுழி.

"இது போலி," என்றாள், வாய் தவறி.

மருத்துவர் குழம்பிப்போனாள். "நீங்கதானேம்மா இப்ப போட்டீங்க?"

அதன்பின் மருத்துவர் சொன்னதெல்லாம் அவள் காதில் பாதிதான் விழுந்தது. மீதியைக் கணவர் கேட்டு வைத்துக்கொண்டார். தேய்ந்தது திரும்ப வளராது, ஆனால் வலியைக் கட்டுக்குள் வைக்கலாம். கட்டைவிரலுக்கு ஒரு பட்டை, மேலே தடவ ஒரு களிம்பு, தடிமனான பேனா, தினமும் விரல் பயிற்சி. வலிக்கிறதே என்று கையை மடக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது, ஒரேயடியாக எழுதித் தள்ளவும் கூடாது.

வீட்டுக்கு வந்து நாற்பது முறை கையெழுத்துப் போட்டுப் பார்த்தாள். ஒன்றாவது பழைய மாதிரி வந்துவிடாதா என்ற நப்பாசைதான். நாற்பதும் போலி. மாதிரி அட்டையில் இருந்தது, அதைக் கடைசியாகப் புதுப்பித்த பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கை. அந்தக் கை இப்போது அவளிடம் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

மறுநாள் கட்டைவிரலில் பட்டையோடு அதிகாரியின் அறைக்குப் போய், "அந்த அஞ்சையும் போட்டது நான்தான் சார்," என்றாள்.

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாவம் பாத்து அவங்களைக் காப்பாத்தப் பாக்கறீங்களா?"

அவள் அவர் கண்முன்னே கையெழுத்துப் போட்டுக் காட்டினாள். மருத்துவர் எழுதிய சீட்டையும் நீட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு விசாரணையை முடித்து, பசையை வேலைக்கு வரச் சொன்னார். பிறகு ஒரு வெற்று அட்டையைக் கொடுத்தார். "புது மாதிரிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. உங்க கையெழுத்தை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா உங்களைக் கிடங்குக்குத்தான் மாத்தணும்."

பசை புதன்கிழமை வந்தாள். யாரிடமும் எதுவும் கேட்காமல் தன் மேஜையில் உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தாள். மதியம்வரை பூதக்கண்ணாடிக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போய் எதிரே நின்றாள்.

"மன்னிச்சுக்கோ. நான் செஞ்சது பெரிய பாவம்."

"உக்காருங்கக்கா. கை எப்படி இருக்கு?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆறு மாசமாத் தெரியும். நீங்க சாவியைத் திருப்பறப்ப பல்லைக் கடிப்பீங்க."

"அப்ப விசாரணையில ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா? தப்பிக்கறதுக்காக உங்க கை மேல பழி போடறேன்னு இன்னொரு வரி சேத்து எழுதியிருப்பீங்க."

எழுதியிருப்பாள். அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. அவள் மெதுவாக அட்டையை மேஜைமேல் வைத்தாள். தடித்த பேனாவால் போட்ட புதுக் கையெழுத்து, குண்டாக, சுழியே இல்லாமல் இருந்தது.

"என் கையெழுத்தை உன்னைவிட யாருக்கும் தெரியாது. சாட்சி போடறியா?"

பசை விரலில் ஒட்டியிருந்ததைத் துணியில் துடைத்துவிட்டு அட்டையைப் பார்த்தாள். பேனாவைக்கூடக் கையில் எடுத்தாள். அப்புறம் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னும் ரெண்டு வருஷத்துல இதுவும் மாறும்ல? அன்னைக்கு யாரைச் சொல்வீங்க?"

"சத்தியமா உன்னைச் சொல்ல மாட்டேன்."

"எனக்குக் கோவம் இல்லக்கா. பயமா இருக்கு. வேற யாரையாவது கேளுங்க."

பூதக்கண்ணாடி அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. நிஜமாகவே பயந்திருந்தாள். இந்த ஒரு தடவை, கேட்டதை அவள் அப்படியே நம்பினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அட்டையோடு அடுத்த மேஜையை நோக்கி நடந்தாள்.